கதீஜா பார்த்த பாதி

படம் முழுக்கக் கறுப்பாக வந்திருந்தது. பொட்டு வெளிச்சம் இல்லை. மலேசியாவின் ஈப்போவில் என் வீட்டு அடுக்களையில் நின்றபடி, "படம் சரியாக வரவில்லை, மறுபடி அனுப்புங்கள்" என்று பதில் போட்டேன். உடனே பதில் வந்தது: "அதான் படம்."

அனுப்பியவர் கதீஜா. தென்காசிக்குப் பக்கத்தில் அச்சன்புதூரில் இருக்கிறார். நான் வரைவதை எப்படியோ ஃபோனில் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுப் பின்வாசலுக்கு ஒரு புலி வந்ததாம். அதைத்தான் படம் பிடித்தாராம். அதை நான் வரைந்து தர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் ஆசையும் வந்தது. ஏனென்றால் என் தொழிலே கறுப்பில்தான் தொடங்குகிறது.

ஸ்கிராட்ச்போர்டு என்பார்கள். பலகையில் வெள்ளைக் களிமண் பூசி, அதன்மேல் கறுப்பு மை ஏற்றியிருக்கும். கத்தி முனையால் மையைச் சுரண்டினால் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். ஒரு முடிக்கு ஒரு கீறல். மற்றவர்கள் வெள்ளைத் தாளில் இருட்டைக் கொண்டுவந்து போடுகிறார்கள். நான் இருட்டிலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுக்கிறேன். சுரண்டினது சுரண்டினதுதான், அழிப்பதெல்லாம் கிடையாது. காட்டு விலங்குகளை மட்டுமே வரைவேன். மனிதர்களை வரைந்தால் மூக்கு சரியில்லை என்று சண்டைக்கு வந்துவிடுகிறார்கள்.

மதுரையில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்று இருந்தது. அதையொட்டி நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். புலிதானே, எங்கள் நாட்டுக் காட்டில் இல்லாததா? இருட்டிலிருந்து முகம் மட்டும் வெளியே வருவது மாதிரி, வரி வரியாகச் சுரண்டி முடித்தேன். பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதை வைத்து, வெறும் பலகைகள் சிலவற்றையும் சேர்த்துக் கட்டி, கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் தென்காசியில் போய் இறங்கினேன்.

இறங்கியதும் முதல் கூத்து. பஸ் நிலையத்தில் "புதூர் போவணும்" என்றேன். கண்டக்டர் என் தட்டையான பெட்டியைப் பார்த்து, "இதுல என்னம்மா?" என்றார். பெருமையாக, "சுரண்டல் படம்" என்றேன்.

"சுரண்டைப் புதூரா? ஏறுங்க, ஏறுங்க, எடம் கெடக்கு!"

சுரண்டை என்று ஒரு ஊர் இருக்கும் என்று நான் கண்டேனா? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சூரியகாந்தி வயல்களை ரசித்துக்கொண்டே போனேன். மலை எதிர்த் திசையில் சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வீரகேரளம்புதூரில் இறக்கிவிட்டார்கள். டீக்கடைக்காரர் முகவரியைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எம்மா, இது அச்சம்புதூர்லா! மேக்க, மலையடிவாரத்துல இருக்கு. நீங்க கெழக்க வந்து நிக்கீய."

நாங்கள் மலேசியாவில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுவோம், ஊருக்கு வந்தால் எல்லோரும் அதைக் கிண்டல் செய்வார்கள். இங்கே இவர்களும் 'ல்லா' போடுகிறார்கள். வழி தப்பிய எரிச்சலிலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்ப ஆய்க்குடி வரை பஸ். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. எந்த வீடு என்று கேட்ட ஓட்டுநர், பெயரைச் சொன்னதும் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"புலி பாத்தவிய வீடா? புருசன் சவூதில இருக்கான். அவனை வரவழைக்கதுக்கு அந்தப் பிள்ள ஒரு புலியை அவுத்து விட்டிருக்கு. புலி வந்தா கோழியத் தொடாமலா போவும், நீங்களே சொல்லுங்க!"

சிரித்து முடித்தார். தென்னந்தோப்புப் பாதைக்குள் வண்டி நுழைந்தது. நுழைந்த இடத்திலிருந்து ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. எதிரே ஆள் இல்லை, மாடு இல்லை, சைக்கிள்கூட இல்லை.

"எதுக்குண்ணே இவ்வளவு ஹாரன்?"

"சும்மாதான். பழக்கம்."

கதீஜாவின் தெருவில் இறங்கியபோது ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. தென்காசி பஸ் நிலையத்தில் காலுக்குக் கால் நாய்கள் படுத்துக் கிடந்தன. இந்தத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பெட்டியும் கையுமாக ஒரு புது ஆள் வந்து இறங்குகிறேன், குரைக்க ஒன்றுமில்லை.

கதீஜாவுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு வெடுக் வெடுக்கென்று வரும். மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் இவர் தனிதான். எனக்கு டீயும் முறுக்கும் வைத்துவிட்டு, படத்தைப் பார்க்கக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் துணியை விலக்கினேன். ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, இது வரிப்புலில்லா! நம்ம புலிக்கு ஏது வரி? புள்ளிதான்."

"அது சிறுத்தைலா!"

"அதைத்தான் நாங்க புலிங்கோம்."

மாதக்கணக்காகச் சுரண்டியது போச்சு. எங்கள் பக்கத்தில் சிறுத்தை அநேகமாகக் கறுப்பாகத்தான் இருக்கும், அதனால் புள்ளி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்று சமாளித்தேன். கதீஜாவின் சிரிப்பு நின்றது.

"கறுப்பாவா? அப்ப இருட்டுல இருந்தா எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. நகர்ந்தாத்தான் தெரியும்."

அவர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் கவனித்தேன். அடுப்பு கூடத்தில் இருந்தது. அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. பின்வாசல் பக்கத்துக் கதவுக்குக் குறுக்கே ஒரு முழு பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்.

விஷயத்தை அவர் வாயாலேயே கேட்டேன். போன சாரல் காலம். அந்தி சாய்ந்து, மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம். அடுக்களை ஜன்னல் பக்கம் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தார். ரம்பை இலை போட்டுச் சோறு வேகிற வாசம் குப்பென்று வந்தது. உலையே வைக்கவில்லையே என்று நிமிர்ந்தார். துவைக்கிற கல் மேல் அது உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியே போன பல்பு வெளிச்சம் அதன் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது. மறுபாதி இருட்டு. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போனை எடுத்து அமுக்கினேன். கை நிக்கல. வந்தது அந்தக் கறுப்புதான். பெறவு நிமிந்து பாத்தா, வெளிச்சத்துல இருந்த பாதி இல்ல."

"போயிடுச்சு."

"அந்தப் பாதி போயிருச்சுக்கா. இருட்டுல இருந்த பாதி எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுல்லா?"

பொய்யாகச் சொல்வானேன், அந்த பீரோ அங்கேயே இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

வனத்துறையிலிருந்து வந்து பார்த்தார்களாம். முற்றம் சிமெண்ட், தடம் இல்லை. கோழிகளும் பத்திரமாக இருந்தன. மாமியார் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர், "ரம்பைச் செடி வச்சிருக்கா, ரம்பை மணக்குது, இதுல புலி எங்கன வந்துச்சு?" என்றாராம். அன்றைக்கே கதீஜா செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். கணவர் அசன் ஃபோனில், "ஒண்ணுமில்ல, கனவு கண்டிருப்ப" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். புருஷனை வேலையை விட்டு வரவழைக்க நாடகம் என்று ஊரே பேசுகிறது.

"அவிய வெள்ளிக்கிழமை லீவுல வாராவ. வந்து பேசி முடிப்பாவளாம். அதுக்குள்ள நான் பாத்தது எனக்கு வேணும்."

"உங்க வீட்டுல உருவப் படம் மாட்ட மாட்டீங்களே?"

"மாட்டுததுக்கு இல்லக்கா. காட்டுததுக்கு."

மறுநாள் குற்றாலத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜ் அறையிலேயே உட்கார்ந்து புதிய பலகையைத் தொடங்கிவிடலாம் என்று பார்த்தேன். சாரல் விடவில்லை. எங்கள் ஊர் மழை வாளியோடு கவிழ்த்துவிட்டுப் போய்விடும். இது மூக்குக்குள்ளும் புடவைக்குள்ளும் புகுந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. களிமண் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கத்தி கீறாமல் உழுதது. இரண்டு கீறல் போட்டுவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லிவிட்டு, ஐந்தருவிக்குக் கிளம்பினேன்.

அங்கே கொஞ்ச நேரம் மனம் லேசானது. வழியெல்லாம் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். கடல் கடந்து வந்து எங்கள் ஊர்ப் பழத்தையே பேரம் பேசி வாங்கினேன். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், "அம்மா, தலைக்கு மட்டுமாவது" என்று பின்னாலேயே வந்தார். ஒரு குரங்கு என் பையிலிருந்து ரம்புத்தானைப் பறித்து, என் எதிரிலேயே உட்கார்ந்து தோலை உரித்தது.

திடீரென்று அது உரிப்பதை நிறுத்தியது. கடைக்கூரை மேல் இருந்தவை, கம்பியில் தொங்கியவை, எல்லாக் குரங்குகளும் ஒரே திசையில் மேலே மலையைப் பார்த்தன. அங்கே மஞ்சு மூட்டம்தான் இருந்தது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற கேரளக் குடும்பத்துப் பெண் மலையாளத்தில் தன் கணவரிடம், "குரங்குகூட எதையோ பார்க்கிறது, நாம் மட்டும்தான் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறோம்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நான் பழப்பையைக் குரங்கிடமே விட்டுவிட்டு வண்டி பிடித்தேன்.

அடுத்த நாள் கீறாத இன்னொரு பலகையோடு கதீஜா வீட்டுக்கே போய்விட்டேன். ஈரத்தைப் பற்றிப் புலம்பியதும் அவர் பலகையை வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். "பிஸ்கட்டு நமுத்தா இதுக்குள்ளதான் போடுவோம். இது மட்டும் காயாதா?" மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. கத்தி வைத்ததும் சுருக்கென்று வெள்ளை வந்தது. எங்கள் ஓவியர் சங்கத்தில் இதற்கென்று விலை உயர்ந்த பெட்டியெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், அரிசிக்குள் பலகை கிடந்த நேரத்தில், பக்கச் சந்து வழியாக நான் மட்டும் பின்முற்றத்துக்குப் போனேன். கதீஜா வரவில்லை. பட்டப்பகல்தான். கோழிகள் மேய்ந்தன. துவைக்கிற கல் சும்மா கிடந்தது. மூலையில் ஒரு மாமரம், அதன் பட்டையில் என் இடுப்பு உயரத்துக்குக் கீறல்கள். ஏணி சாத்திய தடம் என்று மாமியார் சொன்னாராம். என் பிழைப்பே சுரண்டுவது. ஏணி உரசினால் கீறல் முழுக்க ஒரே ஆழமாக இருக்கும். இவை மேலே ஆழமாகத் தொடங்கிக் கீழே மெலிந்து முடிந்திருந்தன. நான் ஒரு முடியைக் கீறினால் அப்படித்தான் வரும்.

அதன்மேல் விரலை வைத்து நின்றபோதுதான் அந்த வாசம் வந்தது. எனக்கு ஒரு விநாடி ஈப்போவில் காலைக் கடையில் நிற்பது போலிருந்தது. நாசி லெமாக் வாசம். தேங்காய்ப்பால் சோற்றில் பாண்டான் இலை போட்டு அவிப்போமே, அது. இவர்கள் ரம்பை என்பதும் அதே இலைதான். செடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. எங்கள் பக்கம் மிருகக்காட்சிச் சாலையில் புலிக்கூண்டு கழுவுகிற ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். புலி, சிறுத்தை எல்லாம் எல்லை குறிக்கச் சிறுநீரைப் பீய்ச்சினால் வாசனை அரிசி வேகிற மாதிரி மணக்குமாம். அப்போது அவர் என்னை ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

நான் ஓடவில்லை. ஆனால் கோழிகளை விட வேகமாகத்தான் சந்து வழியே திரும்பினேன்.

"மணந்துச்சா?" என்றார் கதீஜா.

"மணந்துச்சு."

அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷமாக அவரை நம்பிய முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

உட்கார்ந்தோம். அது எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. எங்கே வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் கேட்டேன். நெற்றியிலா, கன்னத்திலா? மீசை தெரிந்ததா? தோளில் எதுவரை? அவர் சொன்ன இடத்தில் மட்டும் கத்தியை வைத்தேன். அவர் சொல்லாத இடத்தில் கறுப்பை விட்டேன். நெற்றி வந்தது, ஒரு பக்கத்துப் புள்ளிகள் வந்தன, முன்னங்கால் கல்லின் விளிம்பில் வந்து நின்றது. கடைசியாகக் கண். அதைச் சுரண்டி முடித்துத் தூளை ஊதினேன். எதிரே உட்கார்ந்திருந்த கதீஜா எழுந்து வந்து என் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த மறுபாதியையும் போட்டுடவா? எனக்குத் தெரியும், சிறுத்தை முகம் எப்படி இருக்கும்னு."

"வேண்டாம். நான் பாக்கல."

வெள்ளிக்கிழமை அசன் வந்தார். உயரமான, சாதுவான மனிதர். எனக்கு சாக்லேட் டப்பா ஒன்று தந்து, "இம்புட்டுத் தூரம் இதுக்காகவா வந்தீய" என்று கூச்சப்பட்டார். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். மாமியாரும் வந்தார். பிரியாணி சாப்பிட்டோம். ரம்பை போடவில்லை என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் மாமியார் தொடங்கினார்.

"ஏட்டி கதீஜா, அவன் முகத்தைப் பாத்துச் சொல்லு. இன்னும் அந்தப் புலிக் கதைதானா? அவன் அங்கன கெடந்து பாடுபடுதான், நீ இங்கன நாடகம் போடுத."

கதீஜா பலகையைக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தார்.

அசன் பார்த்தார். வெளியே சாரல் கட்டிக்கொண்டு கூடம் மங்கியது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பாராட்டுகிற ஆள் மாதிரி மெல்லத் தலையாட்டினார். பிறகு அவர் விரல் தானாக நகர்ந்து, நான் சுரண்டாமல் விட்ட கறுப்புப் பாதிக்குப் போய், காது இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

"நல்லா வந்திருக்கு. ஆனா இங்கன காது கிழிஞ்சுல்லா இருக்கும்? அதைப் போடலியே?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

கதீஜாவின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"நீங்க எப்பப் பாத்தீய?"

"அது... போன தடவை லீவுல, நீ பாக்கதுக்கு முன்னாலேயே. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வாரேன், மதில் மேல..." அவர் பார்வை பீரோவுக்குப் போனது. "சொன்னா நீ இங்கன தனியா இருக்க மாட்டேன்னு நெனச்சேன். நான் வேலையை விட்டுட்டு வரணும். வீட்டுக்கு வாங்குன கடன், பிள்ள படிப்பு... அதான் கனவுன்னு சொன்னேன்."

"இருந்திருப்பேன்" என்றார் கதீஜா. "புலி இருக்குன்னு சொல்லிருந்தா இருந்திருப்பேன். எனக்குக் கிறுக்குன்னுல்லா நானே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்!"

கடைசி வார்த்தைகள் அலறலாக வந்தன. அசன் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அந்த ஆளை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன். கத்தியை எடுத்தேன். கறுப்பில் இன்னும் இடம் இருக்கிறது, கிழிந்த காதை எடுத்துவிடலாம்.

கதீஜா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சுரண்டாதீங்கக்கா. அது அவிய பாத்தது. நான் பாத்தது இம்புட்டுதான்."

பலகையைக் கணவர் மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாத்தினார். நேராக பீரோவுக்குப் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசன் எழுந்து உதவப் போனார். "நீங்க இருங்க" என்றார், அவர் உட்கார்ந்துவிட்டார். பீரோ சிமெண்டைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு தடவை குத்தினார். கதவு திறந்தது.

சாரலில் நனைந்த முற்றம். கல் மேல் ஒன்றுமில்லை. கோழிகள் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றன.

அப்போது அந்த வாசம் உள்ளே வந்தது. மெதுவாக, கூடம் முழுக்க. நாங்கள் நாலு பேரும் முகர்ந்தோம். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பை என்று அவர் சொல்லவில்லை.